கிரைண்டர் சர்வீஸ் கடைக்கு கூகுள் மேப்: ஆறு வருட அனுபவம்

கோவையில் கிரைண்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறோம். அப்பா ஆரம்பித்தது. இப்போது நானும் தம்பியும் பார்த்துக்கொள்கிறோம். பெல்ட் மாற்றுவது, மோட்டார் வைண்டிங், தேய்ந்து வழவழப்பான கல்லைக் கொத்துவது, இதுதான் வேலை. புவிசார் குறியீடு வாங்கிய கிரைண்டர் ஊரில் இந்த வேலைக்கு ஆளுக்கா பஞ்சம்? தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். அதில் புது ஆள் நம் கடையைத் தேடி வருவதுதான் கஷ்டம்.

2019 வரை நோட்டீஸ் அடித்துப் பேப்பருக்குள் வைத்துக் கொடுத்தோம். முதல் நாள் நாலு போன் வரும், அதோடு சரி. அந்த வருடம்தான் மகள் சொன்னாள், மேப்பில் கடையைப் போடலாம் என்று. கடையைப் போடும் அந்த வசதிக்கு அப்போது பெயர் கூகுள் மை பிசினஸ். 2021 நவம்பரில் பிசினஸ் ப்ரொஃபைல் என்று பெயரை மாற்றினார்கள். எங்கள் வாடிக்கையாளர்களுக்கு எப்போதுமே அது ‘மேப்’தான்.

கடை நம்முடையதுதானா என்று உறுதி செய்ய அப்போது தபாலில் ஒரு கார்டு வரும். அதில் ஐந்து இலக்க எண் இருக்கும். எங்களுக்கு வந்த கார்டு பக்கத்து பேக்கரி கல்லாவில் இரண்டு வாரம் கிடந்தது. பேக்கரி அண்ணன் ஏதோ விளம்பரம் என்று நினைத்து அதன் பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதி வைத்திருந்தார். நல்லவேளை, எண்ணின் மேல் எழுதவில்லை. இப்போதெல்லாம் பெரும்பாலும் கடையை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள்.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நாங்கள் போட்டிருந்தது பெயர்ப் பலகை போட்டோ, சாமி படத்தோடு கல்லா போட்டோ, ‘அனைத்து கிரைண்டர்களும் சர்வீஸ் செய்து தரப்படும்’ என்ற ஒரு வரி. எல்லாக் கடையும் சொல்வது அதுதானே!

திருப்பம் வந்தது ஊரடங்கு தளர்ந்த பிறகு. மக்கள் என்ன தேடி நம் கடைக்கு வந்தார்கள் என்று ப்ரொஃபைலின் உள்ளே ஒரு பட்டியல் வரும். சும்மா ஒருநாள் மகள் அதை வாசித்துக் காட்டினாள். கிரைண்டர் சத்தம், கிரைண்டர் சுத்தல, கல் கொத்த, மாவு கொரகொரன்னு வருது. கடை எது என்று யாரும் தேடவில்லை. வீட்டில் மாவு அரையாமல் நிற்கும் கோளாறைத்தான் தேடியிருக்கிறார்கள்.

அன்றைக்கு மேசையில் ஒரு டில்டிங் கிரைண்டர் பிரித்துக் கிடந்தது. பெல்ட் விளிம்பெல்லாம் நார் நாராகப் பிய்ந்து, நடுவில் கண்ணாடி போல வழவழவென்று தேய்ந்திருந்தது. அதையும் புது பெல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ எடுத்துப் போட்டோம். கீழே எழுதியது இவ்வளவுதான்: ‘மோட்டார் சத்தம் வருது, டிரம் சுத்தலையா? முதலில் பெல்ட்டைப் பாருங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பெல்ட் போயிருக்கலாம். இறுகிப் பிடித்தால் பேரிங் பக்கம் கோளாறு இருக்கலாம்.’

தம்பிக்குக் கோபம். “நம்ம சோத்துல நாமே மண்ணள்ளிப் போட்டுக்கறதுங்ண்ணா. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டா எவன் வருவான்?” என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சில பேர் பெல்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போய் அவர்களே மாட்டிக்கொண்டார்கள். ஆனால் அதே ஆட்கள் ஆறு மாதம் கழித்துக் கல் கொத்த வந்தார்கள். மேப்பில் போட்டதில் இன்று வரை அதிகம் பேரைக் கூட்டி வந்தது அந்தப் பிய்ந்த பெல்ட்தான். போன் எடுத்தால், “ஏனுங்ண்ணா, போட்டோல இருக்கறாப்லயே எங்க பெல்ட்டும் இருக்குதுங்” என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

அப்புறம் கோளாறுக்கு ஒரு போட்டோ, நாலு வரி என்று போட ஆரம்பித்தோம். வாரம் ஒன்று. கல் வழவழப்பானால் மாவு ஏன் நேரம் இழுக்கிறது, கெப்பாசிட்டர் போனால் மோட்டார் எப்படி முனகும், அரைக்கும்போது டிரம் அடியில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று. எழுதுவது நான், திருத்துவது மகள். நான் எழுதினால் ‘மேற்படி கோளாறு’ என்று பஞ்சாயத்து ஆபீஸ் கடிதம் மாதிரி வருகிறதாம்.

இனி ரிவ்யூ. ஐந்து ஸ்டார் ரிவ்யூவால் ஆள் வருகிறார்கள் என்று நினைத்திருந்தேன். எங்கள் கடைக்கு நிறையப் பேரைக் கொண்டுவந்தது ஒரு ஸ்டார் ரிவ்யூ.

ஒரு அம்மாவுக்குக் கல் கொத்திக் கொடுத்தோம். கொத்திய கல்லை அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஒரு கை தவிடோ பழைய அரிசியோ போட்டுக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அந்த மாவைக் கொட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் கல் பொடி மாவில் கலக்கும். வழக்கமாக நாங்களே ஓட்டிக் காட்டித்தான் கொடுப்போம். அன்று தீபாவளிக்கு முந்தின வாரம், கடை நிறைய கிரைண்டர். ஓட்டவும் இல்லை, சொல்லவும் இல்லை. பண்டிகைக்கு ஊறவைத்த உளுந்து முழுக்கப் பாழ். ‘வடையில் மண். இந்தக் கடைக்குப் போகாதீர்கள்’ என்று ஒரு ஸ்டார்.

நான் உடனே, ‘முப்பது வருடமாகத் தொழில் செய்கிறோம், எங்கள் மேல் தப்பு இல்லை’ என்று பதில் தட்டினேன். மகள் பார்த்துவிட்டு அழித்தாள். நாங்கள் செய்த தப்பு என்ன, கொத்திய கல்லை எப்படிப் பழக்க வேண்டும் என்று விவரமாக எழுதினாள். நான் தவிட்டுப் பையோடு அவர் வீட்டுக்குப் போனேன். உளுந்தும் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டேன். “இத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல கண்ணு” என்று காபி கொடுத்தார். ஒரு மாதம் கழித்து அவராகவே அதை நாலு ஸ்டாராக மாற்றினார். ஐந்தாவது ஸ்டார் வடையோடு போய்விட்டது போல. அந்தப் பதிலைப் படித்துவிட்டுத்தான் வந்தோம் என்று சொன்னவர்களை என் விரலால் எண்ண முடியாது. இப்போது கல் கொத்திய ஒவ்வொரு கிரைண்டரிலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டித்தான் கொடுக்கிறோம்.

சரி, அடிபட்டதையும் சொல்ல வேண்டும். 2022-இல் ஒரு விளம்பர ஏஜென்சி போன் செய்தது. ‘உங்கள் கடையை முதல் இடத்துக்குக் கொண்டு வருகிறோம்’ என்றார்கள். பணம் கட்டினோம். அவர்கள் செய்தது ஒரே வேலை: கடைப் பெயரோடு ‘பெஸ்ட் கிரைண்டர் சர்வீஸ் இன் கோயம்புத்தூர்’ என்று வால் ஒட்டியது. பலகையில் இருக்கும் பெயரைத்தான் போட வேண்டும் என்பது விதி. ப்ரொஃபைல் முடங்கியது. ஏஜென்சிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. பெயரைச் சரிசெய்து, கரண்ட் பில், ஜிஎஸ்டி சான்றிதழ், பலகை போட்டோ எல்லாம் அனுப்பி மீட்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. மேப்பில் ப்ரொஃபைல் வைக்கக் கட்டணம் எதுவும் கிடையாது. காசு கொடுத்து முதல் இடம் வாங்கவும் முடியாது. மேலே ‘ஸ்பான்சர்டு’ என்று வருவது விளம்பரம், அது தனிக்கணக்கு.

இன்னொன்று என் தப்பு. ப்ரொஃபைலோடு இலவசமாக ஒரு சின்ன வெப்சைட் கொடுத்தார்கள். அந்த முகவரியை பில் புத்தகத்தில் எல்லாம் அச்சடித்தேன். 2024 மார்ச்சில் அந்த வசதியே நின்றது. மிச்சமிருந்த பில் புத்தகங்களில் மகன் ஸ்கெட்ச் பேனாவால் அடித்துக்கொண்டே இருந்தான். அதே வருடம் ஜூலையோடு மேப்பில் இருந்த சாட்டும் நின்றது. அதற்குள் வந்தவர்கள் நம்பரை எல்லாம் வாட்ஸப் பிசினஸில் சேர்த்து வைத்திருந்ததால் தப்பித்தோம். ஆனால் வாட்ஸப் பழைய ஆளைப் பிடித்து வைக்கத்தான் உதவும். பிராட்காஸ்ட்டில் ஒரு செய்தி போட்டால், நம் நம்பரை அவர்கள் போனில் பதிந்து வைத்திருந்தால்தான் போய்ச் சேரும். புது ஆளுக்கு எங்கே?

விலை போடலாமா வேண்டாமா என்பதில் எனக்கு இன்னும் குழப்பம். ஒரு வருடம் கல் கொத்தும் கூலியைப் போட்டிருந்தோம். போன் குறைந்தது. ஆனால் வந்தவர்கள் பேரம் பேசவில்லை. எடுத்துவிட்டோம், போன் கூடியது, பேரமும் கூடியது. தம்பி இப்போது மறுபடி போடச் சொல்கிறான்.

தூரத்துக்கும் ஒன்றும் செய்ய முடியாது. தேடுபவர் எங்கே நிற்கிறாரோ அதற்குப் பக்கத்துக் கடைதான் பெரும்பாலும் மேலே வரும். துடியலூர்க்காரர் வெறுமனே கிரைண்டர் சர்வீஸ் என்று தேடினால் எங்கள் கடை கண்ணில் படாது. கல் கொத்த என்று தேடினால் சில நேரம் படுகிறது. அந்த வேலை செய்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வரும் கணக்கை நான் நம்புவதில்லை. கல்லாவில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. கிரைண்டரை இறக்கியதும் “எப்படிங்க கடை தெரியும்?” என்று கேட்டு, பழைய ஆள் என்றால் ‘ப’, யாராவது சொல்லி வந்தால் ‘சொ’, மேப் என்றால் ‘மே’ என்று எழுதுவோம். போன மாதம் 61 கிரைண்டரில் 23 ‘மே’. முதல் வருடம் முழுவதற்குமே அவ்வளவு இல்லை.

விடுமுறை நேரத்தை மட்டும் யாரும் மறக்காதீர்கள். ஒரு ஆயுத பூஜை அன்று திறந்திருப்பதாகவே மேப்பில் விட்டுவிட்டேன். பெரியவர் ஒருவர் பொள்ளாச்சி ரோட்டிலிருந்து டிவிஎஸ் எக்ஸெல்லில் கிரைண்டரைக் கட்டிக்கொண்டு வந்து, பூட்டின கடைக்கு முன்னால் நின்று போன் செய்தார். வாழைக்கன்று கட்டிய ஷட்டரைப் பாதி தூக்கி, சந்தனம் வைத்த ஸ்பேனரை எடுத்துக்கொடுத்தான் தம்பி. நோட்டில் அன்றைக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. அதுவும் ‘மே’.