லெதர் பவளமா, ஜீனியாவா?

வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வளர்க்க மென்பவளம் (கல் போன்ற கூடு இல்லாத பவளம்) வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் லெதர், ஜீனியா என்ற இந்த இரண்டில் வந்து நிற்பார்கள். தண்ணீர் இரண்டுக்கும் ஒன்றேதான்: 25 டிகிரி செல்சியஸ், 1.025 ஒப்படர்த்தி (தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று காட்டும் அளவு), நடுத்தர வெளிச்சம். குணம்தான் வேறு.

காளான் வடிவ லெதர் சாது. ஆனால் அவ்வப்போது பாலிப்புகளை, அதாவது மேலே பூப்போல் நீண்டிருக்கும் சிறு உயிர்களை, உள்ளிழுத்துக்கொள்ளும். மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு படலம் பளபளக்கும். செத்துவிட்டது என்று பதறி எடுத்து எறிந்துவிடாதீர்கள், தோல் உரிக்கிறது, அவ்வளவுதான். நீரோட்டத்தைக் கொஞ்சம் அதன் பக்கம் திருப்பினால் சில நாளில் படலம் கிழிந்து போகும், பாலிப்புகள் மறுபடி நீளும். அப்புறம், இது டெர்பீன் வகை ரசாயனங்களைக் கசியவிட்டு அக்கம்பக்கத்துக் கடினப் பவளங்களை வாட்டும். அதை உறிஞ்சிக்கொள்ள ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் (கரித்தூள்) போட்டு, மாதாமாதம் மாற்றுங்கள்.

ஜீனியா விரல்களை விரித்து விரித்து மூடும், பார்க்க அலுக்காது. ஒட்டி வளர ஆரம்பித்துவிட்டால் பாறைக்குப் பாறை தாவும், மணலுக்கு நடுவே தனிக்கல்லில் வைப்பது நல்லது. நைட்ரேட் துளியும் இல்லாத தண்ணீர் அதற்கு ஒத்துவராது. சில சமயம் காரணமே தெரியாமல் மொத்தமாகக் கரைந்தும் போகும்.

பலவகைப் பவளம் வளர்ப்பதானால் என் ஓட்டு லெதருக்கே. படர்ந்ததைப் பிடுங்கிக்கொண்டிருப்பதைவிட கார்பன் மாற்றுவது சுலபம். தனியாக ஒரு சின்னத் தொட்டி இருக்கிறதா? சரி, அதில் ஜீனியாவை வையுங்கள்.