செயின் கிரீஸ் கழுவ எது சரி: பெட்ரோலா, டீசலா, கிருஷ்ணாயிலா, ஸ்ப்ரேயா?

மெட்ரோ வேலை நடக்கும் சாலையில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் இன்றைக்கு ஒரு தடவை குனிந்து வண்டிச் செயினைப் பாருங்கள். விரலால் வழித்தால் மை மாதிரி கறுப்பாக வரும், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் நறநறவென்று மணல் தட்டுப்படும். கிரீஸைவிட அந்த மணல்தான் வில்லன், உப்புத்தாள் போட்ட மாதிரி செயின் மாட்டியிருக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். பழசைக் கழுவாமல் மேலேயே புது லூப் (செயினுக்கு அடிக்கும் மசகு எண்ணெய்) அடித்தால் மணலுக்கு எண்ணெய் விட்ட கதைதான்.

சரி, எதைப் போட்டுக் கழுவுவது?

தெருமுனை மெக்கானிக் கை முதலில் போவது பெட்ரோலுக்கு. வண்டியிலேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டாம், அழுக்கும் நிமிஷத்தில் கரைந்துவிடும். வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைபருக்குக் கீழே 40 டிகிரி குளிரிலேயே தீப்பிடிக்கும் அளவுக்கு ஆவி விடுகிற சரக்கு அது, நம் ஊர் மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம். அந்த ஆவி காற்றைவிடக் கனம் என்பதால் மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழும். அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில், தண்ணி மோட்டார் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றிப் பிரஷ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இன்னொரு சிக்கல் ஓ-ரிங். இப்போது வரும் பல வண்டிகளின் செயினில் உள்தகடுக்கும் வெளித்தகடுக்கும் நடுவே சின்னச் சின்ன ரப்பர் வளையங்கள் இருக்கும். டார்ச் அடித்தால் கறுப்பு நூல் சுற்றிய மாதிரி தெரியும். தகடுகளைக் கோக்கும் பின்னைச் சுற்றிக் கம்பெனியில் வைத்த கிரீஸைப் பூட்டி வைத்திருப்பது அதுதான். பெட்ரோலும் தின்னரும் அந்த ரப்பரை உப்பவைத்து, பிறகு விறைக்கவைத்து, கடைசியில் வெடிப்பு விழவைக்கும். உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விட்டால் வெளியே என்ன லூப் அடித்தாலும் பழைய நிலைக்கு வராது.

டீசல் பரவாயில்லை ரகம். பெட்ரோல் மாதிரி சட்டென்று பற்றாது, அழுக்கையும் எடுக்கும். ஆனால் பிசுபிசுப்பு போகாது, நன்றாகத் துடைக்காவிட்டால் அடுத்த நாளே தூசியைக் கூப்பிட்டு ஒட்டிக்கொள்ளும். கையில் நாற்றம் சாப்பாடு வரை வரும்.

என் ஓட்டு கிருஷ்ணாயிலுக்கு. செயின் தயாரிப்பவர்களில் பலர் கைகாட்டுவதும் இதைத்தான். ஓ-ரிங்கைக் கெடுக்காது, கிரீஸை நிதானமாக இளக்கும். தீப்பிடிக்காது என்று சொல்லவில்லை, பெட்ரோல் அளவுக்கு அவசரப்படாது, அவ்வளவுதான். ரேஷனில் வரும் நீலக் கிருஷ்ணாயில் அடுப்புக்கு, அதைத் தொடாதீர்கள். வெளிமார்க்கெட்டில் வெள்ளைக் கிருஷ்ணாயில் தேடி அலையத்தான் வேண்டும். அரை லிட்டர் இருந்தால் பல தடவைக்கு வரும். கழுவிய அழுக்கைப் பாட்டிலில் இரண்டு நாள் வைத்தால் மண் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சாக்கடையில் ஊற்றினால் அது நேராகக் கூவத்துக்கோ அடையாறுக்கோதான் போய்ச் சேரும்.

அலைய நேரமில்லை என்றால் செயின் கிளீனர் ஸ்ப்ரே. சென்னையில் ஜிபி ரோடு, புதுப்பேட்டை பக்கம் தாராளமாகக் கிடைக்கும். விலை கடிக்கும், வேலை சுத்தம். டப்பாவில் ஓ-ரிங்குக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா பார்த்து வாங்குங்கள், பிரேக் கிளீனரை மாற்றி வாங்கி வந்துவிடாதீர்கள். சைலன்சர் சூட்டோடு இருக்கும்போது அடிக்காதீர்கள், ஸ்ப்ரேயும் எரியும்.

வாட்டர் வாஷ் கடை பிரஷர் கன்னை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. கிட்டத்தில் பிடித்து அடித்தால் தண்ணி ரப்பரைத் தாண்டி உள்ளே போய்விடும். ரிம்மிலும் நம்பர் பிளேட்டிலும் தெறித்த கிரீஸுக்கு ஷாம்பு தண்ணியே போதும்.

எதை எடுத்தாலும் எஞ்சின் ஆஃப். முதல் கியரில் ஓடவிட்டுத் துணியைப் பிடித்தால் வேலை சீக்கிரம் முடியும்தான், துணி ஸ்ப்ராக்கெட்டில் மாட்டினால் விரலும் கூடவே போகும். டபுள் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். பிரஷ் நைலான்தான், கம்பி பிரஷ் ரப்பரைக் கிழித்துவிடும். பனியன் வேஸ்டால் துடைத்து, காயவிட்டு, செயினின் உள்பக்கம் லூப் அடித்து, சும்மா அரைமணி விடுங்கள்.

போன கார்த்திகையில் ரிம்மையும் அதே கிருஷ்ணாயிலால் துடைக்கிறேன் என்று கிளம்பினேன். ஆரக்கால் சந்து வழியாக நாலு சொட்டு பின் பிரேக் டிஸ்கில் பட்டது எனக்குத் தெரியாது. மறுநாள் காலை கத்திப்பாரா பாலத்து இறக்கத்தில் பின் பிரேக்கை மிதிக்கிறேன், கால் போகிறது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்தான் காப்பாற்றியது. பிரேக் பேடு மாற்றச் செலவழித்த காசுக்கு நாலு டப்பா ஸ்ப்ரே வாங்கியிருக்கலாம். இப்போதெல்லாம் பழைய லுங்கியை டிஸ்க் மேல் சுற்றிவிட்டுத்தான் பாட்டில் மூடியைத் திறக்கிறேன்.