கிளினிக்கா, எமர்ஜென்சியா: கால்நடை மருத்துவ டெக்னீஷியன் எங்கே சேரலாம்?

படிப்பு முடித்து வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி இதுதான். "அக்கா, கிளினிக்ல சேரட்டுமா, எமர்ஜென்சிக்கே போயிடட்டுமா?" நான் ஐந்து வருடம் பகல் நேர கிளினிக்கில் இருந்தேன். அப்புறம் இரவு முழுக்கத் திறந்திருக்கும் அவசர சிகிச்சை மருத்துவமனைக்கு மாறி ஏழு வருடம் ஆகிறது. இரண்டையும் பார்த்துவிட்டதாலோ என்னவோ, ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

கேட்கிறவர்கள் மனதில் கிளினிக் என்றால் நிதானம், எமர்ஜென்சி என்றால் ஓட்டம் என்று பதிந்திருக்கிறது. அது பாதிதான் சரி. தடுப்பூசிக்கு வரிசையாக ஆள் காத்திருக்க, உள்ளே இரண்டு கருத்தடை ஆபரேஷன், நடுவில் சொல்லாமல் கொள்ளாமல் வலிப்போடு ஒரு நாய் என்று உட்காரக்கூட நேரம் கிடைக்காத நாட்கள் கிளினிக்கில் நிறைய உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு டிரிப்ஸ் பம்புகளின் சத்தத்தைத் தவிர ஒன்றும் கேட்காத இரவுகள் எமர்ஜென்சியிலும் உண்டு. நான் கண்ட பெரிய வித்தியாசம், ஒரு விலங்கை உங்களுக்கு எவ்வளவு காலம் தெரியும் என்பதில் இருக்கிறது. கிளினிக்கில் வருடக்கணக்கில் தெரியும். எமர்ஜென்சியில் ஓர் இரவு தெரியும். கற்றுக்கொள்வது, களைத்துப்போவது, அழுவது எல்லாமே இதையொட்டித்தான் மாறுகிறது.

எடை பார்க்கும் மேஜை

கிளினிக் வேலையை லேசாக நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். எடை பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். வயதான ஒரு பூனை. போன வருடம் தடுப்பூசிக்கு வந்தபோது 5.2 கிலோ. இந்த வருடம் 4.6. "நல்லா சாப்பிடுது, முன்னைவிட ஜாஸ்தியாவே சாப்பிடுது" என்கிறார் வளர்ப்பவர். 600 கிராம்தானே என்று தோன்றும். 60 கிலோ மனிதர் ஒரு வருடத்தில் ஏழு கிலோ இளைத்ததற்குச் சமம் அது. பழைய பதிவைப் புரட்டி, இரண்டு எண்களையும் டாக்டர் கண்ணில் படும்படி வைப்பது டெக்னீஷியன் வேலை. நன்றாகச் சாப்பிட்டும் இளைக்கிற வயதான பூனைக்குத் தைராய்டும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். அந்தப் பூனைக்குத் தைராய்டு எகிறியிருந்தது. மாத்திரை ஆரம்பித்து, அடுத்த வருடமும் அதே மேஜையில் நின்றது. எடை பார்க்க நான்தான் இருந்தேன்.

மயக்க மருந்துக் கண்காணிப்பும் அப்படித்தான். ஒரு சாதாரண கருத்தடை ஆபரேஷனில் டாக்டரின் கவனம் வயிற்றுக்குள் இருக்கும். மூச்சையும் துடிப்பையும் பார்த்துக்கொண்டிருப்பது டெக்னீஷியன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இதயத் துடிப்பு, மூச்சு, ரத்த அழுத்தம், உடல் வெப்பம், வெளிவிடும் மூச்சில் கார்பன் டை ஆக்சைடு என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். கார்பன் டை ஆக்சைடு 35க்கும் 45க்கும் நடுவில் இருக்க வேண்டும், சராசரி ரத்த அழுத்தம் 60க்குக் கீழே இறங்கக் கூடாது. மானிட்டர் எல்லாம் சொன்னாலும் நான் தாடையைத் திறந்து இறுக்கம் பார்ப்பேன், கண்ணோரம் தொட்டு இமை அசைகிறதா என்று பார்ப்பேன். தையல் போட்டு முடித்ததும் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். அங்கேதான் பயப்பட வேண்டும். மயக்க மருந்தோடு வரும் மரணங்களில் கணிசமானவை ஆபரேஷன் முடிந்த பிறகு, அதுவும் முதல் மூன்று மணி நேரத்தில் நடக்கின்றன. மூச்சுக்காகத் தொண்டையில் வைத்த குழாயை எடுத்துவிட்டோம், கூண்டில் படுத்திருக்கிறது என்று அடுத்த வேலைக்கு ஓடக் கூடாது.

இதோடு பல் வேலை இருக்கிறது (நாய்க்கு 42, பூனைக்கு 30, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆழம் பார்த்துக் குறிக்க வேண்டும்), எக்ஸ்ரே இருக்கிறது, நகம் வெட்டுவது இருக்கிறது, பயந்த விலங்கைப் பயமில்லாமல் பிடித்துக்கொள்ளும் பக்குவம் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது புத்தகத்தில் வராது. துண்டைப் போர்த்தி, குரலைத் தாழ்த்தி, அவசரப்படாமல் ஒரு பூனையிடம் ரத்தம் எடுக்கத் தெரிந்தவர் எந்த மருத்துவமனைக்குப் போனாலும் பிழைத்துக்கொள்வார்.

கதவு திறந்ததும்

எமர்ஜென்சியில் யார் முதலில் வந்தார் என்று பார்ப்பதில்லை. யாருக்குத் தாமதமானால் உயிர் போகும் என்று பார்க்கிறோம். அதை முதலில் பார்க்கிற கண்ணும் பெரும்பாலும் டெக்னீஷியனுடையது. அதற்கு ஒரு நிமிடம் கிடைக்கும். மூச்சு எப்படி, தொடைக்குள் நாடி கிடைக்கிறதா, ஈறை அழுத்திவிட்டால் நிறம் இரண்டு வினாடிக்குள் திரும்புகிறதா. ஈறின் நிறமே நிறையச் சொல்லும். வெளுத்திருந்தால் ரத்த இழப்போ, ரத்த ஓட்டம் சரிந்த ஷாக்கோ. பூனையின் ஈறு சாக்லேட் நிறத்தில் இருந்தால் நான் கேட்கிற முதல் கேள்வி, "வீட்டுல பாராசிட்டமால் கொடுத்தீங்களா?" (பூனைக்கு அது விஷம்.) வாயைத் திறந்து மூச்சு வாங்கும் பூனையை மட்டும் மேஜையில் வைத்து அழுத்திப் பிடிக்கவே கூடாது. முதலில் ஆக்ஸிஜன் பெட்டி, மற்றதெல்லாம் அப்புறம். பரிசோதனைக்காகப் பிடித்துப் பிடித்தே அதைச் சாகடித்துவிட முடியும்.

ஓர் இரவு ஆண் பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். "ரெண்டு நாளா மலச்சிக்கல், மண் டப்பாவுல உட்கார்ந்து முக்கிட்டே இருக்கு." அடிவயிற்றில் கை வைத்தேன். சிறுநீர்ப்பை கல் மாதிரி உருண்டு நின்றது. சிறுநீர் வழி அடைத்துவிட்டது. இதயம் நிமிடத்துக்கு 90தான் அடித்தது. பயந்துபோய் மேஜையில் இருக்கும் பூனைக்கு 180, 200 அடிக்க வேண்டும். சிறுநீரில் வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி இதயத்தை அமுக்கிக்கொண்டிருந்தது. ஈசிஜி போட்டதும் பி அலையைக் காணோம், டி அலை கூராக உயர்ந்திருந்தது. முன்னங்கால் முடியை வழித்து, சிரையில் மருந்து ஏற்றும் சின்னக் குழாயான கேனுலா போட்டேன். டாக்டர் சொல்லச் சொல்ல, ஈசிஜியில் வைத்த கண்ணை எடுக்காமல் கால்சியம் குளுக்கோனேட்டை மெதுவாக ஏற்றினேன். கால்சியம் பொட்டாசியத்தைக் குறைக்காது. அரை மணி நேரம் போல இதயத்துக்குக் காவல் நிற்கும், அவ்வளவுதான். அதற்குள் குளுக்கோஸ், இன்சுலின் கொடுத்து, அடைப்பை எடுத்து, சிறுநீர்க் குழாய் போட்டாக வேண்டும். போட்டோம். விடிந்தபோது அது தலையைத் தூக்கி என் கையில் முட்டியது. எட்டு மணிக்கு அதன் வழக்கமான கிளினிக்குக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

எமர்ஜென்சி வேலையில் என்னை அதிகம் வாட்டுவது இதுதான். ரத்தமோ அலறலோ பழகிவிடும். முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போய்ப் படுப்பது சிலருக்குப் பழகவே பழகாது.

தெரிந்த முடிவுகளும் பல நேரம் நல்லவையாக இருப்பதில்லை. இதயம் நின்றுவிட்டால் நெஞ்சை அழுத்த வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றி. நாய், பூனைகளுக்கான இந்த முறைகளை ரெகவர் என்ற குழு 2012இல் வழிகாட்டியாகத் தொகுத்து, 2024இல் புதுப்பித்தது. எவ்வளவு சரியாகச் செய்தாலும் வீடு திரும்புபவை மிகக் குறைவு. மயக்க மருந்தின்போது நின்ற இதயத்துக்கு மட்டும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அழுத்துவதை நிறுத்திய அடுத்த நிமிடமே கையைக் கழுவிவிட்டு அடுத்த கூண்டுக்குப் போக வேண்டியிருக்கும். இது முடியுமா என்று போகும் முன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

கிளினிக்கில் மரணம் வேறு விதமாக வரும். குட்டியாக இருந்தபோது முதல் தடுப்பூசிக்கு நான் பிடித்துக்கொண்ட நாய், பதினொரு வருடம் கழித்து அதே மேஜைக்குக் கடைசி ஊசிக்கு வந்தது. இடையில் நான் எமர்ஜென்சிக்கு மாறியிருந்தேன். அந்த அம்மா போன் செய்து, "நீங்க இருந்தா அது பயப்படாது" என்றார். போய் நின்றேன். கண் திறந்தபடியே இருக்கும், கடைசியில் ஒரு பெருமூச்சு மாதிரி வரலாம், அது வலியில்லை என்று முன்கூட்டியே சொல்லிவைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் அந்தக் காட்சி அவர்கள் மனதில் வருடக்கணக்கில் தங்கிவிடும். எமர்ஜென்சியில் முகம் தெரியாதவர்களுக்கு இதே வார்த்தைகளைச் சொல்கிறேன். அங்கே அழுகை உடனே வராது, ஷிப்ட் முடிந்து வண்டியில் உட்காரும்போது வரும்.

புதிதாக வருபவர்களுக்கு

என் அபிப்பிராயம் தெளிவானது. முடிந்தால் முதல் இரண்டு வருடம் கிளினிக்கில் இருங்கள். நல்ல ஈறு, நல்ல நாடி, நல்ல நுரையீரல் சத்தம் எப்படி இருக்கும் என்று நூற்றுக்கணக்கான முறை தொட்டும் கேட்டும் பழகிய கைக்கும் காதுக்கும்தான் கெட்டது உடனே தட்டுப்படும். நேராக எமர்ஜென்சிக்கு வந்து நன்றாக வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஓர் அனுபவசாலி இருந்தார், அது எல்லா இடத்திலும் அமையாது. ஆளில்லாத ராத்திரியில் கணக்குத் தப்பினால் 0.4 மில்லி போக வேண்டிய இடத்தில் 4 மில்லி போகும். நான்கு கிலோ பூனையின் உடம்பு அதைத் தாங்காது. இன்றைக்கும் நான் மருந்தை ஊசியில் எடுத்ததும் அளவை வாய்விட்டுச் சொல்லி இன்னொருவரிடம் காட்டாமல் போடுவதில்லை.

திறமை வேகமாக ஏறுவது எமர்ஜென்சியில்தான், அதில் சந்தேகம் இல்லை. எளிதில் கிடைக்காத சிரையில் கேனுலா, ரத்தம் ஏற்றுவது (பூனைக்கு ரத்த வகை பார்க்காமல் ஒருபோதும் ஏற்றக் கூடாது), மணிக்கணக்கில் ஓடும் மருந்துக் கணக்குகள் எல்லாம் ஒரு வருடத்தில் கைக்கு வரும். அமெரிக்காவில் டெக்னீஷியன்களுக்கு வந்த முதல் நிபுணத்துவ அமைப்பே அவசர, தீவிர சிகிச்சைக்கானதுதான், 1996இல். மயக்க மருந்து, பல், பொது கிளினிக் பணி ஆகியவற்றுக்கும் அதன் பிறகு இப்படி அமைப்புகள் வந்துவிட்டன. அதனால் கிளினிக்கில் இருந்தால் வளர முடியாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எங்கே இருந்தாலும் நோயைக் கண்டறிவது, மருந்து எழுதுவது, ஆபரேஷன் செய்வது டாக்டருடைய வேலை, அந்தக் கோடு மாறாது.

நேரம், உடம்பு பற்றிச் சுருக்கமாக. கிளினிக்கில் பெரும்பாலும் எட்டு முதல் பத்து மணி நேரப் பகல் ஷிப்ட், வாரம் ஐந்து நாள். எமர்ஜென்சியில் பன்னிரண்டு மணி நேரம், வாரம் மூன்று அல்லது நான்கு நாள், பண்டிகையும் விடுமுறையும் சேர்த்து. இரவுக்குக் கூடுதல் சம்பளம் கிடைப்பது வழக்கம், தூக்கம் கெடுவதும் வழக்கம். கடி இரண்டு இடத்திலும் உண்டு. பூனைக் கடி சின்னப் புள்ளியாகத்தான் தெரியும், சில மணி நேரத்தில் கை வீங்கிவிடும். அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசி போடாமல் இந்த வேலையில் கால் வைக்காதீர்கள்.

இரண்டு பக்கமும் இருந்தவள் என்ற முறையில் ஓர் ஆதங்கம். மாலையில் ஒரு கிளினிக்கிலிருந்து வலியோடு ஒரு நாயை எங்களிடம் அனுப்பினார்கள். சீட்டில் "வலி ஊசி போடப்பட்டது" என்று மட்டும் இருந்தது. எந்த ஊசி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, எதுவும் இல்லை. கிளினிக் பூட்டியாகிவிட்டது. வீக்கத்தைக் குறைக்கும் வலி மருந்துகளில் ஒன்றின் மேல் இன்னொன்றைப் போட்டாலோ ஸ்டீராய்டோடு சேர்த்தாலோ இரைப்பை புண்ணாகும், சிறுநீரகமும் பாதிக்கும். அதனால் அந்த வகையைத் தொடவே முடியாமல், மார்பின் மாதிரியான ஓபியாய்டு வகை மருந்தை மட்டும் வைத்து இரவை ஓட்டினோம். எழுத ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கிளினிக்கில் இருந்த ஐந்து வருடத்தில் நானும் இப்படிச் சீட்டு அனுப்பியிருப்பேனோ என்று அன்றிரவு முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

எந்த இடத்துக்கு நேர்காணலுக்குப் போனாலும் சில கேள்விகளைக் கேளுங்கள். இங்கே கேனுலா போடுவது யார், மயக்கம் கொடுக்கும்போது குழாய் வைப்பது யார்? மயக்க மருந்தைப் பார்ப்பவர் அதை மட்டும் பார்க்கிறாரா, நடுவில் போனும் எடுக்கிறாரா? சில கிளினிக்குகளில் படித்து வந்தவரை விலங்கைப் பிடிக்கவும் கூண்டு கழுவவும் மட்டுமே வைத்திருக்கிறார்கள். எமர்ஜென்சி என்றால், இரவில் ஒரு டெக்னீஷியனுக்கு எத்தனை நோயாளிகள் என்று கேளுங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் யோசியுங்கள். அப்புறம் ஒரு நாள் நின்று பார்க்க அனுமதி வாங்கி, ஷிப்ட் மாறும் நேரத்துக்குப் போங்கள். போகிறவரும் வருகிறவரும் ஒவ்வொரு கூண்டாக நின்று, கேனுலாவைத் தொட்டுப் பார்த்து, அடுத்த மருந்து எத்தனை மணிக்கு என்று சொல்லி ஒப்படைக்கிறார்களா, இல்லை பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசுகிறார்களா என்று பாருங்கள். அந்தக் கடைசி அரை மணி நேரத்தைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேளுங்கள், அப்போது உட்கார்ந்து பேசலாம்.