குன்னூர் சைக்கிள் கடை: வேலை சுத்தம், தேதிதான் கணக்கில் வராது

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி மலைப்பாதையில் சைக்கிளில் ஏறினால் 36 கொண்டை ஊசி வளைவு. பாதியிலேயே செயின் வழுக்க ஆரம்பித்தது. மீதியைத் தள்ளிக்கொண்டே ஏறினேன். மறுநாள் குன்னூரில் பெட்ஃபோர்டு பக்கம் உள்ள இந்தச் சின்னக் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணன் அளவுகோலை வைத்துப் பார்த்து, "செயின் இழுத்துப்போச்சு தம்பி, பின்னாடி பல்லும் போச்சு" என்றார். பின்சக்கரத்தின் பெரிய பல்சக்கரம் 28 பல் வேண்டாம், ஏற்றத்தில் மிதிக்க லேசாக இருக்க 32 போடு என்று அவரே மாற்றிவிட்டார். முழங்கால் இப்போது நன்றி சொல்கிறது.

கடைச் சுவரில் இத்தாலிய சைக்கிள் பந்தய வீரர் மார்கோ பாந்தானி படம், தலையில் துண்டு கட்டியபடி. 1995-ல் வண்டி மோதிக் கால் முறிந்தவர், 1998-ல் இத்தாலியைச் சுற்றும் ஜிரோ, பிரான்ஸைச் சுற்றும் டூர் என இரண்டு பெரிய பந்தயங்களையும் ஒரே வருடத்தில் ஜெயித்தார். அதை மறுபடி செய்ய 2024-ல் ஸ்லோவேனிய வீரர் போகாச்சர் வர வேண்டியிருந்தது. பாந்தானி ஏற்றத்திலும் ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தே மிதிப்பாராம். நானும் முயன்றேன், இடுப்புதான் பிடித்துக்கொண்டது. 1999 ஜிரோவில் ரத்தப் பரிசோதனையில் சிவப்பணு விகிதம் வரம்பை மீறி அவர் வெளியேற்றப்பட்டதையும், 34 வயதில் இத்தாலியின் ரிமினி நகரில் ஒரு விடுதி அறையில் தனியாகச் செத்ததையும் அண்ணன் மறைக்கவில்லை. "படத்தைக் கழற்ற மனசு வரல" என்றார், செயினுக்கு எண்ணெய் விட்டபடி.

குறை ஒன்று: வியாழன் என்றார், சனிக்கிழமைதான் கைக்கு வந்தது. மழை நாளில் போன் எடுக்க மாட்டார். கூலி 600 ரூபாய், உதிரிபாகம் தனி. பழைய செயினையும் பொட்டலம் கட்டித் தந்துவிட்டார்.