நோக்கியா ஈ71-இல் டேட்டா: எட்ஜா, வை-ஃபையா, ப்ளூடூத்தா?

பீரோவில் கிடந்த நோக்கியா ஈ71-க்குப் புது பேட்டரி போட்டதும் உயிர் வந்துவிட்டது. 2008-இல் வந்த போன். எஃகு முதுகும் குட்டிக் கீபோர்டும் இன்னும் அழகுதான். சரி, இன்று இதற்குள் டேட்டா வர எது நல்ல வழி?

3ஜியை முதலிலேயே கழித்துவிடலாம். 3.6 எம்பிபிஎஸ் வரை இழுக்கும் என்று சொல்லி விற்ற போன்தான். ஆனால் ஏர்டெல் போன்ற கம்பெனிகள் 3ஜியை மூடி, அந்த அலைவரிசையை 4ஜிக்குக் கொடுத்துவிட்டன. ஜியோ பிறந்ததே 4ஜியில். அந்த சிம்மைப் போட்டால் டவரே எடுக்காது.

மிஞ்சுவது 2ஜியில் டேட்டா தரும் எட்ஜ். காகிதக் கணக்கில் 296 கேபிபிஎஸ். 5 எம்பி பாட்டு ஒன்று இறங்க இரண்டேகால் நிமிடம். நிஜத்தில் டீ குடித்துவிட்டு வரலாம். பக்கத்தில் ஸ்பீக்கர் இருந்தால் ‘டிட்டிடிட், டிட்டிடிட்’ என்று அது வேறு கத்தும். டவர் தூரமாக இருந்தால் 900 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போன் 2 வாட் வரை உமிழும், பேட்டரிக் கோடு கண்ணெதிரே இறங்கும். வை-ஃபைக்கு 0.1 வாட் போதும்.

அந்த வை-ஃபை 802.11 பி/ஜி வகை. 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே இதன் கண்ணுக்குத் தெரியும். ரூட்டரோ ஹாட்ஸ்பாட்டோ 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தால் பெயரே வராது. ரூட்டரின் பாதுகாப்பு வகையையும் டபிள்யூபிஏ2-இல் வையுங்கள், புதிய டபிள்யூபிஏ3-இல் மட்டும் வைத்தால் இது ஒட்டாது. இதெல்லாம் சரிசெய்து பிரவுசரைத் திறந்தால்தான் உண்மையான தலைவலி: பெரும்பாலான தளங்கள் திறக்காது. வேகம் காரணமில்லை. இன்றைய தளங்கள் போனுக்கும் தளத்துக்கும் நடுவே டேட்டாவைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறையில் 1.2-ஆவது கேட்கின்றன, இந்தப் பிரவுசருக்கு அது தெரியாது. எட்ஜில் போனாலும் இதே சுவர்தான். வாட்ஸ்அப்பும் இந்த போனின் இயங்குதளமான சிம்பியனை 2017-லேயே கைவிட்டுவிட்டது. ஆக, வை-ஃபையால் எனக்குக் கிடைத்த உருப்படியான பயன், பூட்டு கேட்காத பழைய எச்டிடிபி முகவரியில் ஓடும் சில இணைய ரேடியோக்கள்.

அதனால் நான் யாரும் கணக்கில் சேர்க்காத ப்ளூடூத்துக்கே வந்துவிட்டேன். அதே 5 எம்பி பாட்டை ஆண்ட்ராய்டிலிருந்து தள்ளினால் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடுகிறது. டிஎல்எஸ் பூட்டு என்று எந்தக் கேள்வியும் இல்லை; ஒருமுறை நாலு இலக்க எண்ணைப் போட்டு ஜோடி சேர்த்தால் முடிந்தது. நெட் வேலையைப் புது போன் பார்க்கட்டும், கேட்கும் வேலையை இது பார்க்கட்டும். படம் அனுப்புவதானால் மட்டும் ஜேபெக்காக மாற்றி அனுப்புங்கள். வெப்பி, எச்இஐசி போன்ற புதுப் பட வகைகள் எல்லாம் இதற்குப் புரியாது.

அப்புறம், ஐபோன்காரர்களுக்கு இந்த வழியும் அடைப்பு. ப்ளூடூத்தில் ஃபைல் அனுப்ப ஆப்பிள் விடுவதில்லை. அவர்கள் ஈ71-இன் மெமரி கார்டைக் கழற்றி ரீடரில் செருக வேண்டியதுதான்.