நீராவிக் குழாய்க்குப் போர்வை: நாலு குளிர்காலம் கழித்து

நியூஜெர்சியில் நாங்கள் வாங்கியது 1920களில் கட்டிய வீடு. பேஸ்மென்ட்டில் பாய்லர், அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாக நீராவி ஏறி அறைக்கு அறை ரேடியேட்டரைச் சூடாக்கும். குழாய்கள் மொட்டையாக இருந்ததால் பேஸ்மென்ட் வேகும், படுக்கையறை நடுங்கும். ராத்திரி இரண்டு மணிக்குச் சுத்தியலால் அடிக்கிற மாதிரி 'டங் டங்' வேறு.

முதல் வருஷம் கடையில் மலிவாகக் கிடைத்த ஃபோம் உறையை வாங்கி மாட்டினேன். சுத்த முட்டாள்தனம். அது வெந்நீர்க் குழாய்க்கானது. 90 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகிவிடும். நீராவியோ 100க்கு மேல். இரண்டே நாளில் சுருங்கி, குழாயோடு அடிப்பிடித்த அல்வாவாகிவிட்டது. சுரண்டி எடுக்கவே ஒரு சனிக்கிழமை போனது.

சுரண்டும்போதுதான் மூலை எல்போவில் (குழாய் வளையும் இணைப்பு) சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பூச்சைப் பார்த்தேன். நல்லவேளை, கத்தியை அதில் வைக்கவில்லை. பரிசோதித்தால் ஆஸ்பெஸ்டாஸ், தூசி மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆபத்து. உரிமம் உள்ள ஆட்கள் வந்து பிளாஸ்டிக் திரை கட்டி எடுத்தார்கள். உறையைவிட அதற்குத்தான் செலவு. பழைய வீடா? இந்தப் பரிசோதனையை முதலில் முடியுங்கள்.

பிறகு போட்டது ஒரு இஞ்ச் தடிமன் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடி இழை) உறை. 400 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். '2 இஞ்ச்' இரும்புக் குழாயின் வெளிவிட்டம் நிஜத்தில் 2⅜ இஞ்ச். அதைவிட மெலிந்த செப்புக் குழாய்க்கான உறையை வாங்கினால் வாய் மூடாது. கையுறை, முகமூடி இல்லாமல் தொடாதீர்கள், அரிப்பு ஒரு நாள் போகாது. முதல் சில நாள் லேசாகத் தீய்ந்த வாசனை வந்து அடங்கியது.

காற்றுப்போக்கி, சேஃப்டி வால்வு, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடி, பிரஷர் கருவியின் சுருள்குழாய் எல்லாவற்றையும் திறந்தே விட்டேன். புகைக்குழாய்க்கு உறையே கூடாது. அதன் பக்கத்தில் காகித மேலுறைகூடப் படாமல் தள்ளி நிறுத்தினேன்.

சத்தம் பாதி குறைந்தது. மீதி, ஒரு குழாயின் சரிவு மாறி, நீராவி குளிர்ந்த தண்ணீர் அதில் தேங்கியதால்; கொக்கியை ஏற்றிக் கட்டியதும் நின்றது. கேஸ் பில்லும் இறங்கியது. எவ்வளவு என்று கேட்காதீர்கள், அதே வருஷம் ஜன்னல்களையும் மாற்றினோம்.

ஒரே நஷ்டம்: குளிர்காலத்தில் இட்லி மாவைப் புளிக்க வைக்கப் பேஸ்மென்ட்தான் இருந்தது. இப்போது அங்கே மாவு பொங்குவதில்லை. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைக்கிறோம்.