கடலோர நடைவழிக் கையேடு: ஆர்டருக்கு அச்சா, மொத்தமாக ஆஃப்செட்டா?

ஆர்டர் வர வர ஒவ்வொரு பிரதியாக அச்சடிப்பதா, அச்சகத்தில் தகடு செய்து ஆஃப்செட் முறையில் மொத்தமாக அடித்து வைப்பதா? கையேட்டைச் சொந்தமாக வெளியிடுகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

செலவு
ஆர்டருக்கு அச்சு: கையிருப்பில் பணம் முடங்காது. ஆனால் பிரதி விலை கூடுதல். வண்ண வரைபடம் சேர்த்தால் இன்னும் ஏறும்.
ஆஃப்செட்: தகடு, இயந்திரத் தயாரிப்புக்கு முதலிலேயே பணம் வேண்டும். எண்ணிக்கை கூடக்கூடப் பிரதி விலை இறங்கும்.

திருத்தம்
என்னைக் கேட்டால், கடற்கரைக்கு இதுதான் தலையாய கேள்வி. அலை அரித்துப் பாறைவிளிம்பு சரியும். பாதையை உள்பக்கமாகத் திருப்பிவிடுவார்கள். பழைய வரைபடத்தை நம்பி விளிம்புக்குப் போவது ஆபத்து.
ஆர்டருக்கு அச்சு: கோப்பை மாற்றினால் போதும், அடுத்து அச்சாகும் பிரதிகளில் திருத்தம் வந்துவிடும்.
ஆஃப்செட்: அச்சடித்தது அச்சடித்ததுதான். திருத்தச் சீட்டு செருகலாம், அது மழையில் எங்கே போகுமோ!

உறுதி
ஆர்டருக்கு அச்சு: அமேசானின் சொந்த வெளியீட்டுச் சேவையான கேடிபியில் பசை பைண்டிங்தான், சுருள் கம்பி கிடையாது. லூலு என்ற இன்னொரு அச்சுச் சேவையில் சுருள் உண்டு.
ஆஃப்செட்: நூல் தையல், தடித்த அட்டை, நீர் தாங்கும் தாள் என எதையும் கேட்டு வாங்கலாம். பையில் கசங்கும் புத்தகத்துக்கு இது பெரிய விஷயம்.

விற்பனை
ஆர்டருக்கு அச்சு: பார்சல் வேலை இல்லை. கேடிபி இலவசமாகத் தரும் ஐஎஸ்பிஎன்னை (புத்தக அடையாள எண்) மட்டும் வேறெங்கும் பயன்படுத்த முடியாது.
ஆஃப்செட்: கட்டுவது, அனுப்புவது எல்லாம் உங்கள் தலையில். கடைக்காரருக்கு விலையில் கழிவு கொடுக்க இடம் இருக்கும்.

முதல் பதிப்பு, அரிப்பு அதிகமுள்ள கரை என்றால் ஆர்டருக்கு அச்சு. பாதை நிலைத்தது, வழியோரக் கடைகள் வாங்கச் சம்மதித்துவிட்டன என்றால் ஆஃப்செட். எதுவானாலும், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் திட்டத்தின் தரவில் வரைபடம் வரைந்திருந்தால் அதைக் குறிப்பிட்டே ஆகவேண்டும்.